ஈஸ்ட் தீரப்போகிறது, மாவும் மாறிவிட்டது: ரொட்டியை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி (2021, கொரோனா காலத்தில் வந்தது): ஊரடங்கு ஆரம்பித்ததிலிருந்து ரொட்டி வீட்டில்தான் சுடுகிறோம். ஐந்து பேர் இருக்கிறோம், வாரத்துக்கு மூன்று ரொட்டி வேண்டியிருக்கிறது. ஈஸ்ட் எந்தக் கடையிலும் இல்லை. ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் திறந்த இன்ஸ்டன்ட் ஈஸ்ட் டப்பாவில் நாலு டீஸ்பூன்தான் மிச்சம். வழக்கமாக வாங்கும் ரொட்டி மாவும் வருவதில்லை, கிடைத்த மைதாவை வாங்கினேன். 500 கிராம் மாவு, 350 மில்லி தண்ணீர், ஒன்றரை டீஸ்பூன் ஈஸ்ட், ஒன்றரை மணி நேரம் என்று பழைய கணக்கில்தான் செய்கிறேன். ஆனால் இப்போது ரொட்டி அடியில் களியாக இருக்கிறது, மேலே ஒரு பக்கமாக வெடித்துக்கொண்டு வருகிறது. ஈஸ்ட் தீர்ந்தால் என்ன செய்வது? மாவை மூட்டையாக வாங்கிப் போட்டுவிடலாமா? வெளியிலிருந்து வரும் பாக்கெட்டைத் தொடவே பயமாக இருக்கிறது. ரொட்டி சுடுவது என் தங்கையின் பொறுப்பு. தொற்று வந்து குணமான பிறகும் அவளுக்கு வாசனையே தெரியவில்லை. ராத்திரி படுத்தால் இதே யோசனைதான்.

பதில்: நீங்கள் எழுதிய அளவுகளிலேயே கோளாறு தெரிகிறது. அளவும் நேரமும் மாறவில்லை, ஆனால் ஈஸ்டும் மாவும் மாறிவிட்டன. இரண்டு தவறு ஒரே ரொட்டியில் சேர்ந்து வந்திருப்பதால்தான் எது காரணம் என்று பிடிபடவில்லை.

முதலில் வெடிப்பு. திறந்து வெளியில் வைத்த ஈஸ்ட் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். முன்பு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்த வேலையை முடிக்க இப்போது அதற்கு இரண்டரை மணி நேரம்கூட ஆகலாம். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து ஓவனில் வைத்துவிடுகிறீர்கள். பாதி உப்பிய மாவு சூட்டில் திடீரென்று விரியும். அதற்குள் மேல்தோல் காய்ந்து இறுகியிருக்கும், அதனால் பலவீனமான இடமாகப் பார்த்து, பெரும்பாலும் டின்னின் விளிம்பு ஓரமாக, கிழித்துக்கொண்டு வெளியே வரும். அடிப்பகுதி அடர்த்தியாக நின்றுவிடுவதற்கும் இதுதான் காரணம்.

களித்தன்மைக்குக் காரணம் மாவு. ரொட்டி மாவில் புரதம் 12 முதல் 13 சதவீதம் இருக்கும். சாதாரண மைதாவில் 10, 11 தான். புரதம் குறைந்தால் மாவு குடிக்கும் தண்ணீரும் குறையும். 500 கிராமுக்கு 350 மில்லி என்பது ரொட்டி மாவுக்குச் சரியான கணக்கு, மைதாவுக்கு அதிகம். பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று போட்டிருப்பார்கள். 10 என்றிருந்தால் 310 மில்லியில் ஆரம்பியுங்கள். பிசைந்து 20 நிமிடம் மூடி வைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் மட்டும் ஒவ்வொரு ஸ்பூனாகத் தண்ணீர் சேருங்கள். பிசைந்த உடனே முடிவு செய்யக்கூடாது, ஏனென்றால் அந்த 20 நிமிடத்தில்தான் மாவு தண்ணீரை முழுக்க உறிஞ்சும். முழுக் கோதுமை மாவு கலந்தால் கணக்கு நேர்மாறு. தவிடு நிறையத் தண்ணீர் இழுக்கும், 500 கிராமில் 150 கிராம் முழுக் கோதுமை என்றால் 25 மில்லியாவது கூடுதலாக வேண்டும்.

களிக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: சூடு ஆறுவதற்குள் வெட்டுவது. ஓவனிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே ஈரம் நகர்ந்துகொண்டே இருக்கும், ஸ்டார்ச் இறுகிக்கொண்டிருக்கும். ஒன்றரை மணி நேரமாவது கம்பித் தட்டில் ஆறட்டும். பசியோடு காத்திருக்கும் வீட்டில் இது சிரமம்தான், ஆனாலும் செய்தே ஆகவேண்டும்.

இனி ஈஸ்ட். அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒடுக்கமான கிளாஸில் 60 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், அரை டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் ஈஸ்ட். தண்ணீர் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்கவேண்டும், சுடக்கூடாது. 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சாக ஆரம்பித்துவிடும். 15 நிமிடத்தில் மேலே நுரை கட்டினால் நல்ல ஈஸ்ட். அங்கங்கே மெல்லிய நுரைத் திட்டு மட்டும் என்றால் பாதி பலம். ஒன்றுமே இல்லை என்றால் அந்த டப்பாவை நம்பி மாவை வீணாக்காதீர்கள். நுரைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம். அன்றைய ரொட்டிக்கு அதையே ஊற்றி, மாவில் சேர்க்கும் தண்ணீரில் 60 மில்லியைக் குறைத்துக்கொண்டால் போதும்.

ஈஸ்ட் உயிரோடு இருந்தால் உங்களிடம் இருப்பது கொஞ்சம் அல்ல. ஒன்றரை டீஸ்பூன் வீதம் போட்டால் நாலு டீஸ்பூன் மூன்றாவது ரொட்டிக்கே பற்றாது. கால் டீஸ்பூன் வீதம் போட்டால் 16 ரொட்டி வரும், வாரத்துக்கு மூன்று என்றால் ஐந்து வாரத்துக்கும் மேல். ஈஸ்ட் உயிருள்ள பொருள், மாவுக்குள் அது பெருகும். குறைவாகப் போட்டால் பெருக அவகாசம் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். ஊரடங்கில் உங்களிடம் தட்டுப்பாடு இல்லாமல் இருப்பது நேரம் ஒன்றுதான், அதைச் செலவழியுங்கள். மெதுவாகப் புளித்த மாவில் ருசியும் கூடும், ரொட்டி மறுநாளும் காயாமல் இருக்கும். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் இந்த முறையையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கால் டீஸ்பூன் என்பது சுமார் 0.8 கிராம். கால் டீஸ்பூன் கரண்டி இல்லையென்றால் ஒரு டீஸ்பூன் ஈஸ்டைத் தலை தட்டி அளந்து காகிதத்தில் கொட்டி, கத்தி முனையால் நீளவாட்டில் கோடாக இழுத்து நாலாகப் பிரியுங்கள். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே சரியாகக் காட்டாது, அதை நம்பவேண்டாம்.

ராத்திரி படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் 500 கிராம் மைதா, 310 மில்லி குளிர்ந்த தண்ணீர், 10 கிராம் உப்பு, கால் டீஸ்பூன் ஈஸ்ட் எல்லாவற்றையும் உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குக் கலந்து மூடிவிடுங்கள். உப்பைக் குறைக்காதீர்கள். அது ருசிக்கு மட்டுமல்ல, குளூட்டனை (மாவுக்கு இழுவை கொடுக்கும் புரத வலையை) இறுக்குவதும் ஈஸ்டின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் அதுதான். அரை மணி கழித்து ஈரக்கையால் மாவின் ஒரு ஓரத்தைப் பிடித்து, கிழியாமல் மேலே இழுத்து நடுவில் மடியுங்கள். பாத்திரத்தைக் கால்வட்டம் திருப்பி அடுத்த ஓரம். நாலு பக்கமும் முடிந்தால் ஒரு சுற்று. அரை மணிக்கு ஒன்றாக மூன்று சுற்று போதும், புரதம் குறைந்த மைதாவுக்கு இந்த மடிப்புதான் முதுகெலும்பு. முதல் சுற்றில் மாவு பிய்ந்து வரும். மூன்றாவதில் வழுவழுவென்று நீண்டு வரும்.

அதன் பிறகு எவ்வளவு நேரம் என்பதை உங்கள் அறையின் சூடுதான் தீர்மானிக்கும். கால் டீஸ்பூனுக்கு 20, 22 டிகிரியில் 12 முதல் 14 மணி நேரம் ஆகும். 25 டிகிரியில் எட்டு முதல் பத்து. 30 டிகிரியில் ஐந்தாறு மணி நேரத்திலேயே முடிந்துவிடும், அதனால் ராத்திரி முழுக்க வெளியில் விட்டால் காலையில் மாவு ஏறி இறங்கிப் புளித்துக் கிடக்கும். அப்படிப்பட்ட வெப்பத்தில் ஈஸ்டை அதிலும் பாதியாக்கி ஐஸ் தண்ணீரில் பிசையுங்கள். அல்லது கால் டீஸ்பூனே போட்டு, மடிப்பு முடிந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். அங்கே 24 மணி நேரம் தாங்கும், 48-உம் தாங்கும்.

இந்த மணிக்கணக்கெல்லாம் உத்தேசம்தான், கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மடிப்பு முடிந்ததும் எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, நேர்ச்சுவர் உள்ள சின்ன கண்ணாடிக் கிளாஸில் அழுத்தி வைத்து, அதன் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். பெரிய பாத்திரத்தை ஒட்டியே கிளாஸையும் வையுங்கள், தள்ளி வைத்தால் சின்ன உருண்டை சீக்கிரம் குளிர்ந்தோ சூடாகியோ பொய் சொல்லும். பெரிய பாத்திரத்தில் மாவு இரண்டு மடங்கானதா என்று அனுபவசாலிக்கே சந்தேகம் வரும், கிளாஸில் வராது. ரப்பர் பேண்டுக்குக் கீழே எவ்வளவு உயரமோ மேலேயும் அவ்வளவு வந்தால் வேலை முடிந்தது. அந்த உருண்டையையும் பெரிய மாவோடு சேர்த்து அழுத்திவிடுங்கள்.

காலையில் மாவைக் கொட்டி, பெரிய குமிழிகளை மட்டும் தட்டி, இறுக்கமாகச் சுருட்டி எண்ணெய் தடவிய டின்னில் மடிப்பு அடியில் வரும்படி வையுங்கள். இந்த இரண்டாவது உப்பலில்தான் உங்கள் ரொட்டி தோற்றுக்கொண்டிருக்கிறது. 27, 28 டிகிரியில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முடிவு விரல் சொல்லட்டும். மாவு தொட்ட விரலால் ஒரு சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். பள்ளம் உடனே துள்ளி நிரம்பினால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக, பாதி மட்டும் நிரம்பினால் ஓவனில் வைக்கும் நேரம். அப்படியே பள்ளமாக நின்றால் தாண்டிவிட்டது. தாண்டியதை மறுபடி பிசைந்து காப்பாற்ற முயல வேண்டாம், தட்டையாகப் பரப்பி எண்ணெய் தடவித் தட்டை ரொட்டியாகச் சுட்டுவிடுங்கள், நன்றாகவே இருக்கும்.

ஓவனை 220 டிகிரிக்கு முழுதாகச் சூடேற்றி, ரொட்டியின் மேல் நீளவாட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டு வையுங்கள். அது வெடிப்பதற்கு நீங்களே காட்டும் வழி. 15 நிமிடத்துக்குப் பின் 200-க்குக் குறைத்து இன்னும் 20, 25 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் டின்னிலிருந்து எடுத்து வெறும் கம்பித் தட்டில் வைத்தால் அடிப்பகுதி ஈரம் போகும். உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள். 94, 95 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. அடியில் தட்டிச் சத்தம் கேட்கும் பழைய சோதனை டின் ரொட்டிக்கு அவ்வளவு நம்பகமானதல்ல.

ஈஸ்டை இன்னும் நீட்டிக்க ஒரு வழி, பழைய மாவைச் சேமிப்பது. டின்னில் வைக்கும் முன் 100 கிராம் பிசைந்த மாவைக் கிள்ளி மூடி போட்ட பாட்டிலில் ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் வரை இருக்கும். அதில் ஏறக்குறைய 60 கிராம் உலர்ந்த மாவும் 38 மில்லி தண்ணீரும் ஒரு கிராமுக்குச் சற்று மேல் உப்பும் இருக்கிறது. அதனால் அடுத்த முறை 440 கிராம் மாவு, 272 மில்லி தண்ணீர், 9 கிராம் உப்பு போட்டு, பழைய மாவைத் துண்டு துண்டாகக் கிள்ளிச் சேருங்கள். ஒரு சிட்டிகை ஈஸ்ட் போதும். ஈஸ்டே போடாவிட்டாலும் மாவு உப்பிவரும், நேரம்தான் கூடும். மூன்று நாலு தலைமுறை அப்படியே போனால் புளிப்பு ஏறி எழும்பும் சக்தி குறையும், அப்போது ஒரு முறை சிட்டிகை ஈஸ்ட் கொடுத்துப் புதுப்பியுங்கள்.

சவர்டோ, அதாவது கடை ஈஸ்ட் இல்லாமல் தானாகப் புளிக்கவைத்த மாவில் செய்யும் ரொட்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பக்கத்து வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஈஸ்ட் இருக்கும்போது அதில் இறங்க வேண்டாம் என்பேன். அதற்கான புளித்த தாய்மாவு நிலைப்பட ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், அதற்குள் தட்டுப்பாடான மாவைத் தினமும் தின்னும். ஈஸ்ட் முழுக்கத் தீர்ந்துபோகும் நிலை வந்தால், அதற்குப் பத்து நாள் முன்னால், சிறிய அளவில் ஆரம்பியுங்கள்: 30 கிராம் முழுக் கோதுமை மாவு, 30 மில்லி தண்ணீர். மறுநாளிலிருந்து தினமும் அதில் 20 கிராமை மட்டும் வைத்துக்கொண்டு 20 மாவு, 20 தண்ணீர். பலரும் கைவிடுவது நாலாம் நாள். இரண்டாம் நாள் தடபுடலாகப் பொங்கும், அது ஈஸ்ட் அல்ல, வேறு பாக்டீரியாக்கள். புளிப்பு ஏறியதும் அவை அடங்கிவிடும், மாவு செத்துப்போனது போலக் கிடக்கும். காட்டு ஈஸ்ட் தலைதூக்குவது அதற்குப் பிறகுதான். விடாமல் மாவு கொடுங்கள். கொடுத்த ஆறு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காவது மூன்று நாள் தொடர்ந்து நடந்தால் அது ரொட்டி தூக்கும். மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நின்றால் பசி, வேறொன்றுமில்லை. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு கோடுகளோ பூஞ்சணமோ தெரிந்தால் ஒரு துளிகூட வைக்காமல் எறிந்துவிடுங்கள்.

அவசரத்துக்குச் சோடா ரொட்டி இருக்கிறது. 250 கிராம் மாவு, அரை டீஸ்பூன் பேக்கிங் சோடா, அரை டீஸ்பூன் உப்பு, 200 மில்லி புளித்த மோர். மோர் இல்லையென்றால் பாலில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். பிசையக்கூடாது, சேர்ந்து வரும் அளவுக்குக் கலந்து, உருட்டி, நடுவில் ஆழமாகச் சிலுவைக் கீறல் போட்டு, உடனே 200 டிகிரியில் 35 நிமிடம். சோடாவும் புளிப்பும் சந்தித்த கணமே காற்று வர ஆரம்பித்துவிடும், அரை மணி தள்ளிப்போட்டால் அத்தனையும் வீண். நன்றாக உப்பட்டும் என்று சோடாவைக் கூட்டாதீர்கள். புளிப்பில் கரையாமல் மிஞ்சும் சோடா மஞ்சள் நிறமும் சோப்பு வாடையும் கொடுக்கும்.

மூட்டை வாங்கும் யோசனைக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் பல நாடுகளில் மாவு அலமாரிகள் காலியானபோது கோதுமை தீர்ந்துவிடவில்லை. பிரிட்டனில் அரைக்கப்படும் மாவில் கடைகள் வழியாக வீடுகளுக்குப் போவது 4 சதவீதம்தான் என்று ஆலைகளின் சங்கமே விளக்கியது. மற்றதெல்லாம் பேக்கரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மூட்டையாகவும் டேங்கர் லாரியிலும் போவது. எல்லா வீடுகளும் ஒரே வாரத்தில் சின்ன பாக்கெட் கேட்டதும், ஆலைகள் இரவு பகலாக ஓட்டியும் பாக்கெட் போடும் இயந்திரங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஈஸ்டிலும் இதே இடைஞ்சல்தான். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஒரு கப்பல் குறுக்கே மாட்டி 23-ஆம் தேதியிலிருந்து 29 வரை போக்குவரத்து நின்றது, கன்டெய்னர்கள் துறைமுகங்களில் குவிந்தன. இப்படிப்பட்ட தடைகள் வாரக்கணக்கில் தாமதம் உண்டாக்கும், ஆனால் சரக்கு வந்து சேரும். அதனால் நாலு வாரத் தேவையை வைத்துக்கொண்டால் பெரும்பாலான தாமதத்தைக் கடந்துவிடலாம்.

உங்கள் வீட்டுக்கு வாரம் மூன்று ரொட்டி, அதாவது ஒன்றரைக் கிலோ. நாலு வாரத்துக்கு ஆறு கிலோ. அதற்கு மேல் வாங்கினால் அடுத்தவருக்குக் கிடைக்காது என்பது ஒருபுறம், உங்கள் வீட்டிலேயே கெடும் என்பது மறுபுறம். கடையில் 25 கிலோ மூட்டை மட்டும்தான் இருக்கிறது என்றால் நாலு வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். மைதா காற்றுப்புகாத டப்பாவில் ஆறு மாதம் தாராளமாக இருக்கும். முழுக் கோதுமை மாவு அப்படி இல்லை. அதன் முளையில் எண்ணெய் இருக்கிறது, வெப்பமான அலமாரியில் ஓரிரு மாதத்திலேயே சிக்குவாடை வந்துவிடும், அதை ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. வண்டு பயம் இருந்தால் பாக்கெட்டை இறுக்கமான பிளாஸ்டிக் பையில் போட்டு நாலு நாள் ஃபிரீசரில் வையுங்கள், முட்டையோடு செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். குளிர்ந்த மாவில் ஈரம் படிந்தால் கட்டி கட்டியாகிப் பூஞ்சணம் பிடிக்கும். ஈஸ்ட் டப்பாவையும் இன்றே இறுக மூடி ஃபிரீசருக்கு மாற்றிவிடுங்கள், அது இருக்கவேண்டிய இடம் அதுதான்.

எரிவாயுவோ மின்சாரமோ மிச்சமாக, இரண்டு ரொட்டியை ஒரே சூட்டில் சுடுங்கள். ஒன்றை ஆறவைத்துத் துண்டு போட்டு ஃபிரீசரில் வைத்தால் வேண்டிய துண்டை எடுத்து நேராக டோஸ்ட் செய்யலாம். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் ரொட்டி வெளியில் இருப்பதைவிட வேகமாக வறண்டுபோகும்.

தொற்று பயம் பற்றி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 மார்ச்சிலேயே, உணவு வழியாகக் கொரோனா பரவியதற்கு ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டது. பொருட்களின் மேற்பரப்பைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் வெளியிட்டது. ஆய்வுக்கூடச் சோதனையில் 70 டிகிரியில் ஐந்து நிமிடத்தில் வைரஸ் செயலிழந்தது, உங்கள் ரொட்டியின் நடுப்பகுதியே 90-ஐத் தாண்டுகிறது. எனவே பாக்கெட்டைக் கழுவி வெயிலில் காயப்போடும் வேலை வேண்டாம். மாவைக் கொட்டி வைத்த பிறகு சோப்பு போட்டு 20 வினாடி கை கழுவுங்கள், போதும். கவனம் வேண்டியது காற்றுக்கு: கடையில் கூட்ட நேரத்தைத் தவிருங்கள், முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். சானிட்டைசர் தடவினால் கை நன்றாகக் காய்ந்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள், அதில் இருப்பது ஆல்கஹால்.

பாக்கெட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பச்சை மாவைச் சர்வசாதாரணமாக நக்கிப் பார்ப்பதுதான் எனக்குக் கவலை. மைதா வெந்த பொருள் அல்ல. 2016-ல் அமெரிக்காவில் மாவு வழியாகவே ஈ.கோலை என்ற பாக்டீரியா பரவிப் பலர் நோயில் விழுந்தார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் கேக் மாவுக் கிண்ணத்தை வழித்துத் தின்னக் கொடுக்காதீர்கள்.

உங்கள் தங்கையை ரொட்டி வேலையிலிருந்து நிறுத்த வேண்டியதில்லை. வாசனை இல்லாமல் போனதால் அவர் இழந்திருப்பது மூன்று எச்சரிக்கைகள்: கருகல், கெட்ட எண்ணெய் வாடை, எரிவாயுக் கசிவு. கருகலுக்கு டைமர் வையுங்கள், ரொட்டி உள்ளே போன உடனே ஓடவிடவேண்டும், 25-ஆம் நிமிடத்தில் ஒருமுறை நிறம் பார்க்கவேண்டும். மாவு, பால், எண்ணெய், வெண்ணெய் ஆகியவற்றை உபயோகிக்கும் முன் வேறொருவர் முகர்ந்து சொல்லட்டும். எரிவாயு அடுப்பு என்றால் அவர் தனியாக இருக்கும் நேரத்தில் பற்றவைக்க வேண்டாம், முடிந்தால் கசிவு அலாரம் ஒன்று பொருத்துங்கள். உப்பையும் சர்க்கரையையும் ருசி பார்த்துப் போடாமல் நிறுத்துப் போடச் சொல்லுங்கள். வாசனை போனவர்களுக்கு எல்லாம் சப்பென்று தோன்றும், கை தானாக உப்பைக் கூட்டும். பிசைவது, மடிப்பது, விரலால் அழுத்திப் பார்ப்பது, கிளாஸைக் கவனிப்பது எதற்கும் மூக்கு வேண்டாம், இந்த முறையில் முக்கியமான முடிவுகள் எல்லாம் கையிலும் கண்ணிலும்தான் இருக்கின்றன. வாசனை திரும்ப, காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சொல்லும் முகர்வுப் பயிற்சி ஒன்று உண்டு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் இந்த நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக 20 வினாடி கவனமாக முகரவேண்டும். மூன்று மாதமாவது விடாமல் செய்யவேண்டும்.

ராத்திரி யோசனைக்கு என்னால் சொல்லக்கூடியது அடுக்களை அளவில்தான். வாரத்தில் இரண்டு நாளை ரொட்டி நாளாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் இரண்டு. ஒரு தாளில் மாவு எத்தனை கிலோ, ஈஸ்ட் எத்தனை டீஸ்பூன், எந்தத் தேதி வரை வரும் என்று எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். இன்றைய கணக்கில் உங்கள் ஈஸ்ட் ஐந்து வாரம் வரும் என்று எழுதியிருந்தால் அதை ராத்திரி திரும்பக் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் பேசுங்கள், தொலைபேசியிலாவது. அது ரொட்டியால் தீரும் விஷயம் அல்ல.

இன்று ராத்திரியே ஒரு ரொட்டிக்கு மாவு கலந்து பாருங்கள். மறுபடி பக்கவாட்டில் வெடித்தால் நான்கு விவரங்களை எழுதி அனுப்புங்கள்: மாவுப் பாக்கெட்டில் போட்டிருக்கும் புரத அளவு, ராத்திரி அறையின் சூடு, கிளாஸில் மாவு எத்தனை மணி நேரத்தில் இரண்டு மடங்கானது, ஓவனில் வைக்கும் முன் விரல் பள்ளம் எப்படி நிரம்பியது.